படித்த சனத்துக்கு எதற்குப் படம்?

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஏழு கட்டங்கள். திங்கள் என்று எழுதிய கட்டத்தில் மட்டும் சிவப்பு வட்டங்கள். மற்ற ஆறு கட்டங்களிலும் ஒவ்வொரு பச்சை வட்டம். மேலே இரண்டு வரி எழுத்து. அம்மாவின் இரண்டு மருந்துப் போத்தல்களின் மூடியிலும் அதே சிவப்பும் பச்சையும் ஒட்டியிருக்கிறது. இந்தத் தாளைப் பார்த்த ரொறன்ரோத் தமிழ்ப் பெரியவர் ஒருவர், "எங்கட சனத்தை இப்பிடிக் கேவலப்படுத்தக் கூடாது" என்றார். அவருக்கான பதில்தான் இது. அவரும் இந்த இதழை வாசிப்பவர் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

இரண்டு பனிக்காலங்களுக்கு முன் அம்மாவுக்கு மூட்டுவாதம் முற்றி, மெதோற்றெக்சேற் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுக்கப்படும் மருந்து. மூட்டுவாதத்துக்குச் சிறிய அளவில், கிழமைக்கு ஒரு நாள் மட்டும். அதன் பக்கவிளைவுகளைத் தணிப்பதற்குப் போலிக் அமிலம் என்ற விற்றமினை மற்ற நாட்களில் எடுக்கச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கிடைத்த இரண்டு குளிசைகளும் சிறியவை, இரண்டும் மஞ்சள். வைத்தியசாலையில் தமிழிலேயே ஒரு பிரசுரம் கொடுத்தார்கள். தமிழில் கொடுக்கிறார்களே என்று பெருமைப்பட்டேனே தவிர அதை நான் வாசித்துப் பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

அம்மா யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவர். இந்த இதழை அட்டையிலிருந்து அட்டைவரை வாசிப்பவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரசுரத்தை இரண்டு தரம் வாசித்தார். செவ்வாயிலிருந்து சனி வரை, கிழமைக்கு ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்தை நாள்தோறும் எடுத்தார். ஞாயிறு காலை வாயெல்லாம் புண். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்தத்தைச் சோதித்தபோது வெண்குருதிக் கலங்கள் விழுந்துபோயிருந்தன. ஒன்பது நாள் ஆசுப்பத்திரியில் கிடந்து தப்பிவிட்டார். இதே பிழையால் இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா பிரசுரத்தை என் முன்னால் விரித்துவைத்தார். "தம்பி, நான் வடிவா வாசிச்சனான். நீயே வாசிச்சுப் பார்."

வாசித்தேன். பதினொரு வரிப் பந்தி. மூட்டுவாத நோயாளர்களுக்கு மெதோற்றெக்சேற்றும் போலிக் அமிலமும் பரிந்துரைக்கப்படுகின்றன என்று ஒரு வசனம். போலிக் அமிலமானது மெதோற்றெக்சேற்றினால் ஏற்படும் பாதகவிளைவுகளைக் குறைக்கின்றது என்று அடுத்த வசனம். அதற்கடுத்து: முன்னையது வாராந்தமும் பின்னையது ஏனைய நாட்களிலும் உட்கொள்ளப்படல் வேண்டும்.

எது முன்னையது? எழுதியவருக்கு முதல் வசனம் மனதில் இருந்திருக்கிறது. வாசித்த அம்மாவுக்குப் பக்கத்து வசனம் கண்ணில் இருந்தது. அதில் முன்னே நிற்பது போலிக் அமிலம்தான். இலக்கணப்படி பார்த்தால் ஒரு தமிழாசிரியை அப்படித்தான் வாசிப்பார். போத்தலில் ஒட்டியிருந்த ஆங்கிலக் குறிப்பு சரியாகத்தான் இருந்தது, பொடி எழுத்தில். கையில் தமிழ் இருக்கும்போது அம்மா ஏன் அதைப் பார்க்கப் போகிறார்?

பிறகு இணையத்தில் தேடி அந்தப் பிரசுரத்தின் ஆங்கில மூலத்தை எடுத்தேன். அதே இடத்தில் ஒரு சிறு அட்டவணை இருந்தது. ஏழு நாள், இரண்டு நிரை, குறியிட்ட கட்டங்கள். தமிழுக்கு வந்தபோது அந்த அட்டவணை வசனமாக மாற்றப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்புக்குச் சொல் எண்ணிக் காசு கொடுப்பதாலா, அட்டவணையைவிட வசனம் மரியாதையானது என்று யாரோ நினைத்ததாலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆங்கிலம் வாசிக்கும் நோயாளிக்குக் கிடைத்த ஊன்றுகோலைத் தமிழ் வாசிக்கும் நோயாளியிடமிருந்து பிடுங்கிவிட்டு, அதைத் தமிழ்ச்சேவை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். என் கோபம் வைத்தியசாலை மீது அல்ல. அவர்கள் தமிழ் தெரிந்த நம்மிடம் நம்பிக் கொடுத்தார்கள்.

இந்த ஆபத்தை மருந்து உலகம் அறியாமலும் இல்லை. 2019இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் இதே மருந்துக்கு, இதே பிழைக்கு, புதிய விதிகளைப் பரிந்துரைத்தது. கிழமைக்கு ஒரு நாள் எடுக்க வேண்டியது என்ற எச்சரிக்கை பெட்டியிலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நோயாளியின் கையில் ஓர் அட்டை இருக்க வேண்டும். குளிசைகள் போத்தலில் கொட்டிக் கிடக்காமல் தனித்தனிக் குமிழிகளில் வர வேண்டும். படித்த ஐரோப்பியருக்கு இது தேவை என்று படித்த ஐரோப்பியரே முடிவு செய்தார்கள். யாரும் அதைக் கேவலம் என்று சொன்னதாக நான் அறியேன்.

நான் கணினித் துறையில் ஆலோசகனாக இருப்பவன். எங்கள் தொழிலில் ஒரு திரையை வடிவமைத்தால், அதைப் பயன்படுத்தப்போகும் ஐந்து பேரை உட்காரவைத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்ப்போம். எங்கே விரல் தயங்குகிறது, எங்கே கண் திரும்பிப் போகிறது என்று. ஐரோப்பாவில் மருந்துப் பிரசுரங்களுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளைப் பாவனையாளர்களிடம் கொடுத்துப் பார்க்காமல் அச்சிட முடியாது. வழமையான முறைப்படி 20 பேரிடம் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பதில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைச் சரியாக விளங்கிச் சொல்ல வேண்டும். இரண்டையும் அவர்கள் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். நாம் தமிழில் எழுதும்போது விளங்குமா என்றாவது எப்போதாவது யோசிக்கிறோம். கண்டுபிடிக்க முடியுமா என்று யோசிப்பதே இல்லை.

ஆகவே நானும் இரண்டு நண்பர்களும் ஒரு தாள் செய்தோம். சுலபம் என்று நினைத்துத் தொடங்கினோம், இரண்டு மாதம் எடுத்தது. முதலில் சொல். பிரசுரத்தில் இருந்த 'மாத்திரை' அம்மாவுக்குத் தெரியாத சொல் அல்ல, ஆனால் அவர் வாயில் வருவது 'குளிசை'. 'வாராந்தம்' கந்தோர்த் தமிழ். யாழ்ப்பாணத்தில் கிழமைக்கு ஒருக்கா என்போம். அப்படியே எழுதினோம். மதுரையிலிருந்து வந்த பக்கத்து வீட்டு நண்பரிடம் காட்டியபோது, அவர் சிரித்துக்கொண்டே, "சரிங்க, எந்தக் கிழமைக்கு?" என்றார். அவருக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாள். ஒரே மொழி, ஒரே சொல், ஒரு மருந்துப் போத்தல். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பாதிச் சனம் தடுக்கி விழும். ஏழு கட்டம் போட்டு ஒன்றில் மட்டும் சிவப்பு வட்டம் வைத்தபோது, மதுரையும் யாழ்ப்பாணமும் ஒன்றாகத் தலையாட்டின.

படம் மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் முதல் வரைவில், மருந்து எடுக்கக் கூடாத ஆறு நாட்களிலும் சிவப்பு வட்டத்தின்மேல் ஒரு புள்ளடி போட்டிருந்தோம். எனக்கு அது 'வேண்டாம்'. கணினித் திரையில் எதையும் மூடுவதற்கு அதைத்தான் அழுத்துகிறோம். அம்மாவுடன் முதியோர் கூடலுக்கு வரும் ஓர் ஐயா தாளைப் பார்த்துவிட்டு, புள்ளடி போட்ட நாட்களில்தான் எடுக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். "வேற எப்பிடி? விரும்பினதுக்குத்தானே புள்ளடி போடுறது." இலங்கை வாக்குச்சீட்டில் வாழ்நாள் முழுவதும் அப்படிப் போட்டவர் அவர். என் படம் அவரைக் கொன்றிருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புக் குறியீடுகளுக்கான தரவிதி, ஒரு படத்தை நூற்றுக்கு 85 பேர் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதோடு நிற்பதில்லை. ஆபத்தான மாறுபொருளில் விளங்கிக்கொள்பவர்கள் 5 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது எண்ணின் அருமை அந்த ஐயாவால் எனக்கு விளங்கியது. புள்ளடிகளை அழித்தோம். படத்தையும் சொல்லையும் சேர்த்து வைத்து, ஆளை உட்காரவைத்துப் பார்த்தால்தான் தெரியும். வேறு குறுக்குவழி கிடையாது.

இந்தத் தாளைத்தான் ஒரு சங்கத்தின் சுகாதாரக் குழுவிடம் கொண்டுபோனேன். எல்லா மருந்துப் பிரசுரங்களையும் இப்படிச் செய்யலாம், உழைப்பு எங்களுடையது, காசு வேண்டாம் என்றேன். மூன்று ஆட்சேபங்கள் வந்தன. குளிசை கொச்சை, மாத்திரையே தமிழ் என்றார் ஒருவர். படம் போட்டால் பாலர் வகுப்புப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாமவர்தான் நான் தொடக்கத்தில் சொன்ன பெரியவர். "படம் போட்டுக் காட்ட எங்கட சனம் என்ன எழுத்தறியாச் சனமோ? வெள்ளைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?"

முதல் ஆட்சேபத்துக்கு நேரம் செலவழிக்க மாட்டேன். அம்மாவின் வாயில் இருப்பதுதான் தமிழ். மூன்றாவதுக்கு வருகிறேன்.

ஐயா, நீங்கள் ஊரில் இருந்த காலத்தில் ஒவ்வொரு தேர்தலிலும் படத்துக்குத்தான் வாக்களித்தீர்கள். வீடு, சைக்கிள், உதயசூரியன். "வீட்டுக்குப் போடுங்கோ" என்று நீங்களே ஒலிபெருக்கியில் சொன்னதாக நீங்களே கதைப்பீர்கள். அப்போது சனம் எழுத்தறியாததா? பேரம்பலமும் படித்தவன், பேரம்பலத்தின் தாயும் வாக்காளர், இருவருக்கும் ஒரே சீட்டு என்பதால்தானே படம் வந்தது? அந்தப் படத்தால் பேரம்பலத்தின் பட்டம் குறைந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்பதற்கும் பதில் இருக்கிறது. அவன் தன் மூலப் பிரசுரத்தில் அட்டவணை போட்டிருந்தான். நாம் அதை எடுத்துவிட்டோம்.

உண்மையில் இது வெட்கம் பற்றிய விஷயம். நூற்றுக்கு இத்தனை பேர் படித்தவர்கள் என்பதை நாம் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறோம். காணி போனது, வீடு போனது, அது மட்டும் மிஞ்சியது. அதனால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் வந்தால், யாரோ அந்த மூட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல் பதறுகிறோம். எனக்கு அது விளங்குகிறது. என் அப்பாவும் அப்படித்தான். ஆனால் வயது எழுபத்தைந்து, கண்ணில் வெண்படலம், இரவு நித்திரை இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை என்ற நிலையில் ஒரு தாளைப் பிடித்திருப்பவர், பட்டதாரியாக இருந்தாலும், அந்த நேரத்தில் எழுத்தறிவு குறைந்தவர்தான். நானும் காய்ச்சலில் கிடந்தால் அப்படித்தான்.

வியன்னாவில் 1925இல் ஒட்டோ நொய்ராத் ஓர் அரும்பொருளகம் தொடங்கினார். நகரத்தின் வீடமைப்பு, சுகாதாரம், தொழில் பற்றிய புள்ளிவிபரங்களைத் தொழிலாளருக்கும் பிள்ளைகளுக்கும் சிறு உருவப்படங்களின் மூலம் காட்டுவது அதன் வேலை. இன்று விமான நிலையங்களில் நாம் பார்க்கும் மனித உருவக் குறிகளுக்கு அந்த முயற்சி ஒரு மூதாதை. அங்கே நிபுணருக்கும் ஓவியருக்கும் நடுவில் ஒருவர் இருந்தார். 'மாற்றுநர்' என்று அந்த வேலைக்குப் பெயர். அதைச் செய்தவர்களில் முதன்மையானவர், பின்னாளில் நொய்ராத்தின் மனைவியான மரீ. நிபுணர் கொடுக்கும் எண்களில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும், எந்த ஒழுங்கில் வைத்தால் பார்ப்பவருக்கு ஏறும் என்று முடிவு செய்வது அவர். நம்முடைய தமிழ்ப் பிரசுர வேலையில் இல்லாதவர் இவர்தான். ஆங்கிலத் தாள் வருகிறது, மொழிபெயர்ப்பாளரிடம் போகிறது, அச்சுக்குப் போகிறது. அம்மாவுக்கு எது தேவை என்று கேட்கும் ஆள் வழியில் எங்கும் நிற்பதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வழி, தமிழ் மரபு வேறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடன்தான் எனக்கு அதிகம் சண்டை, ஏனென்றால் மரபை அவர்கள் வாசித்ததில்லை.

ஓலைச்சுவடியைப் பார்த்திருக்கிறீர்களா? சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. நிறுத்தக்குறி இல்லை. குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியும் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல. காலும் ரகரமும் ஒன்றுபோல. அதை அப்படியே விட்டிருந்தால் இன்று நம்மில் எத்தனை பேர் வாசிப்போம்? எகர ஏகார வேறுபாட்டைத் தெளிவாக்கியதில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவருக்குப் பங்கு உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் பதம் பிரித்தார், நிறுத்தக்குறி போட்டார், பாலபாடம் எழுதினார். பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டார். செய்யுளைச் செய்யுளாகவே வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது கேவலமாகத் தோன்றியிருக்கலாம். நாவலர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட ஆள் இல்லை. நாங்கள் இன்று வாசிக்கும் ஒவ்வொரு காற்புள்ளியும் ஒரு காலத்தில் 'படித்த சனத்துக்கு எதற்கு?' என்று கேட்கத்தக்க துணைக்கருவிதான்.

உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளைத் திறந்து பாருங்கள். 1894இல் வந்த புறநானூற்றில் பாட்டு மட்டுமா இருக்கிறது? பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத அகராதி என்று வாசகன் பிடித்து ஏறுவதற்குப் பக்கத்துக்குப் பக்கம் கைப்பிடி வைத்திருக்கிறார். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பழைய உரை எதுவும் கிடைக்காததால் தானே அரும்பதவுரை எழுதினார். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க இலக்கியத்தையும் கம்பனையும் சந்தி பிரித்து மலிவு விலையில் அச்சிட்டார். அந்தப் புத்தகங்கள் இல்லாமல் பாட்டுப் பக்கமே போயிராத பலரை எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்பே, நன்னூலில் பவணந்தி உரையின் கூறுகளைப் பதினான்கு என்று எண்ணிவைத்தார். உதாரணமும் வினாவிடையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூலத்தைவிட உரை பலமடங்கு பருமனாக இருக்கும் மொழி இது. வாசகனுக்குக் கைகொடுப்பது இழிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மரபிலிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மருந்துத் தாளை விட்டு நம் இதழ்களுக்கு வருகிறேன். கேட்க விரும்பாதவர்கள் இங்கே பக்கத்தைப் புரட்டலாம்.

என் மகள் இங்கே பிறந்தவள். ஒன்பது வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவள். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். கதை வாசிக்க ஆசையும் உண்டு. சென்ற ஆண்டு இந்த இதழில் வந்த ஒரு கதையைக் கொடுத்தேன். நல்ல கதை, எனக்குப் பிடித்த கதை. ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தாள். நான் என் தொழில் பழக்கப்படி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்து கடினம் என்பதால் அவள் எங்கும் நிற்கவில்லை. 'கொண்டுபோய்விட்டிருந்தாரென்பதை' என்ற சொற்றொடரை விரலால் நாலு தரம் வெட்டிப் பார்த்தாள். 'பங்கர்' என்பதில் நின்றாள். அது ஆங்கிலச் சொல் என்று தெரிந்ததும் சிரித்தாள். பிறகு 'வடலி'.

இரண்டு பையன்கள் வடலிக்குள் ஒளிந்திருக்கிறார்கள். அங்கேதான் கதை நடக்கிறது. அகராதி இளம் பனை என்றது. அவள் பனையையே பார்த்ததில்லை. தொலைபேசியில் பனையின் படத்தைத் தேடினாள். நெடிதாக வளர்ந்த ஒற்றைப் பனை வந்தது. "இதுக்குள்ள எப்பிடி ஒளிக்கிறது, அப்பா?" நியாயமான கேள்வி. தரையிலிருந்தே விசிறி விசிறியாக ஓலை கிளம்பும் வடலியை ஒரு தரம் கண்டவனுக்கு அந்தக் கதையின் பயம் உடனே ஏறும். காணாதவளுக்கு எவ்வளவு எழுதினாலும் ஏறாது. ஒரு விரற்கடை அளவு கோட்டுப்படம் போதும்.

நமது ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் இதழ் பாடப்புத்தகம் ஆகிவிடும் என்கிறார்கள். கல்கியில் 1950 தொடக்கம் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது மணியத்தின் படங்களோடுதான் வந்தது. வந்தியத்தேவனின் முகத்தை நம் பாட்டிகள் மணியத்திடமிருந்து பெற்றார்கள். தில்லானா மோகனாம்பாளைக் கோபுலு இல்லாமல் யார் நினைக்கிறார்கள்? 2022இல் மணிரத்னத்தின் படம் வந்த பிறகு, இங்கே பிறந்த பல பிள்ளைகள் அந்த நாவலைத் தமிழிலேயே வாசிக்கப் புறப்பட்டார்கள். இப்படி ஒரு சந்தர்ப்பம் நமக்கு அடிக்கடி வருவதில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் மலிவுப் பதிப்பில் படம் இல்லை, நிலவரை இல்லை, வம்சாவளி இல்லை. கண்டராதித்தர் யார், அரிஞ்சயர் யார், மதுராந்தகனுக்கு ஏன் அரியணையில் உரிமை என்று விளங்காமல் கதை நகராது. ஒரே ஒரு பக்கத்தில் ஒரு குடும்பக் கொடி வரைந்தால் தீர்ந்துபோகும். ஆங்கிலத்தில் வரும் ருஷ்ய நாவல்களில் பாத்திரங்களின் பெயர்ப் பட்டியலை முன்னால் போடுகிறார்கள். அதனால் தல்ஸ்தோயின் தரம் இறங்கியதாகத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பரீட்சைக்கு உருப்போடும் நோட்ஸ்களால் கவிதையைக் கொன்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பொழிப்பை மனப்பாடம் செய்து பாட்டை வாசிக்காமலே தேறியவன் நானே. பாட்டு என்ன சொல்கிறது என்று பக்கத்தில் எழுதிவைப்பவரை எனக்கும் பிடிக்காது. நான் கேட்பது அதுவல்ல. சொல்லின் பொருளைக் கொடுங்கள், பொருளின் படத்தைக் கொடுங்கள், ஊர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், ஒட்டிக்கிடக்கும் சொல்லைப் பிரித்து வையுங்கள். கவிதையை அவள் தானே வாசித்துக்கொள்வாள். கஷ்டப்பட்டு வாசித்தால்தான் மொழி வளரும் என்பவர்களுக்கு ஒன்று: கஷ்டத்தில் இரண்டு வகை. ஒரு வசனத்தின் ஆழத்தில் மினக்கெடுவது ஒன்று. அச்சுக்கோப்பில் தடுக்கி விழுவது மற்றது. இரண்டாவதால் வளர்ந்த வாசகர் எவரையும் நான் சந்திக்கவில்லை. மூடிவைத்த புத்தகங்களைத்தான் சந்தித்திருக்கிறேன்.

அச்சில் இடமில்லை, காசில்லை என்பதை ஏற்கிறேன். இந்த இதழுக்கு மின்வடிவமும் இருக்கிறதே, அங்கே என்ன தடை? ஒரு சொல்லைத் தொட்டால் பொருளும் படமும் வருவது எங்கள் தொழிலில் ஒரு பிற்பகல் வேலை. செய்து தருகிறேன் என்று போன வருடமே எழுதியிருந்தேன். ஆசிரியர் குழு பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

சங்கத்தின் சுகாதாரக் குழு கடைசியில் ஓர் இணக்கத்துக்கு வந்திருக்கிறது. அடுத்ததாகச் சலரோகம் பற்றிய பிரசுரம். படம் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம், முதலில் ஐந்து முதியவர்களிடம் எழுத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். சம்மதித்தேன். அந்த ஐந்து பேரில் ஒருவராக நம் பெரியவரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவருக்கும் சீனி வருத்தம். இன்சுலின் ஊசியின் அளவை அந்தப் பந்தியிலிருந்து கண்டுபிடித்துச் சொல்லட்டும். நான் மணி பார்ப்பேன், வேறொன்றும் பேச மாட்டேன்.

வடலி விஷயத்தை அம்மா தீர்த்துவைத்தார். பேத்தியின் கையிலிருந்த இதழை வாங்கி, கதையின் ஓரத்தில் இடமில்லாமல் பக்க எண்ணுக்குப் பக்கத்தில், பேனாவால் ஒரு வடலி கீறினார். கருக்கின் பற்களைக்கூட விடவில்லை. இரண்டு பையன்களின் தலையும் தெரிந்தது. அந்தப் பக்கத்தை ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறேன். ஆசிரியர் குழு கேட்டால் அனுப்புவேன்.